தினம் ஒரு கவிதை: பெயர் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. கல்லூரி நாட்களில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன், ஒன்றிரண்டு பத்திரிகையில் வந்ததும் உண்டு. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள். கடந்த 6 வருடங்களில் ஒரு நோட்டில் நான்கே நான்கு கவிதை எழுதினேன், நான்கையும் நானே அடித்துவிட்டேன். இப்போது பழைய தோழி ஒருத்தி, 30 நாள் 30 கவிதை என்று ஒரு சவாலில் சேரச் சொல்கிறாள். தினமும் இரவு 12 மணிக்குள் எழுதிப் போட வேண்டுமாம். ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பாதியில் விட்டால் அசிங்கம். தவிர, கவிதை தானாக வர வேண்டியது இல்லையா? கணக்குக்கு எழுதினால் அது கவிதையாக இருக்குமா? சேரட்டுமா, வேண்டாமா?
ஒரு வாசகி

பதில்: சேருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த நோட்டு வராமல் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். 6 வருடத்தில் நான்கு எழுதி, நான்கையும் அடித்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குக் கவிதை வராமல் இல்லை, வந்ததை உட்கார விடாமல் துரத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு வரியையும் வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கிற ஆட்களுக்கென்றே செய்தது போன்ற விஷயம் இது. மணி பதினொன்றே முக்கால் ஆகும்போது விசாரிக்க நேரம் இருக்காது, வந்ததை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும் இதையே சொல்ல மாட்டேன். கையில் ஒரு தொகுப்பு பாதியில் நிற்கிறது, திருத்த வேண்டிய கவிதைகள் நாற்பது கிடக்கின்றன என்றால் அந்த ஆள் இதில் இறங்கக் கூடாது. திருத்துவது கசப்பான வேலை, புதிதாக எழுதுவது இனிப்பு, சவால் என்ற பெயரில் கசப்பிலிருந்து தப்பித்துக்கொள்வார்கள். (நான் தப்பித்திருக்கிறேன். தொகுப்பு இரண்டு வருடம் தள்ளிப்போனது.) அதேபோல வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல், ராத்தூக்கமே இல்லாத மாதமென்றால் வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இந்த 30 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். 2003 ஏப்ரலில் மாரீன் தார்சன் என்ற அமெரிக்கக் கவிஞர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விளையாட்டு இது. அங்கே 1996 முதல் ஏப்ரல் மாதம் தேசியக் கவிதை மாதம். அதற்கு முன்பே ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவல் எழுதுகிற சவால் ஒன்று 1999 முதல் நடந்துகொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்து, நாவலுக்குப் பதில் நாளுக்கு ஒரு கவிதை என்று ஆரம்பித்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, 17ஆம் தேதி நீங்கள் எழுதினீர்களா என்று வந்து பார்க்க ஆளும் கிடையாது. பாதியில் விட்டால் அசிங்கம் என்கிறீர்களே, யாரிடம்?

சரி, தானாக வர வேண்டாமா என்ற கேள்விக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் கனமானது அதுதான். தானாகத்தான் வரும், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வருகிற நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? இந்தச் சவாலில் முதல் நாலைந்து நாள் ஏற்கனவே மனதில் கிடந்த சரக்கு ஓடும். பள்ளிக்கூட நினைவு, மழை, முதல் காதல், அம்மாவின் கை. ஆறாம் நாள் சரக்கு தீரும். ஏழாம் நாள் ராத்திரி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பீர்கள், சுவரும் உங்களைப் பார்க்கும். எட்டாம் நாளிலிருந்து ஒரு மாற்றம் தெரியும். ராத்திரி ஒன்று கொடுத்தாக வேண்டும் என்ற நினைப்பில் காலையிலிருந்தே கண் அலைய ஆரம்பித்துவிடும். லிஃப்டில் ஏறினவர் எந்த மாடி என்று சொல்லாமலே நிற்பது, துவைத்த துணியில் ஒற்றைக் காலுறை மட்டும் திரும்பி வருவது, இதெல்லாம் போன மாதமும் நடந்ததுதான், நீங்கள் பார்க்கவில்லை. முப்பது கவிதையை விட இந்த அலைச்சல்தான் எனக்குப் பெரிய வரவாகத் தெரிகிறது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் தடவை சேர்ந்தபோது 11ஆம் நாள் விட்டுவிட்டேன், மானம் எங்கும் போகவில்லை. இரண்டாம் தடவை 27 எழுதினேன். அதில் 12ஆம் நாள் எழுதியது இது. மணி பதினொன்றரை, எதுவும் தோன்றவில்லை, மேஜையில் சாவிக்கொத்து கிடந்தது.

கொத்தில் ஏழு சாவிகள்
ஏழுக்கும் ஏழு கதவுகள்
வாழ்க்கை ஒரு பூட்டு
நம்பிக்கை அதன் சாவி
ஒன்றுக்கு மட்டும்
பூட்டு எதுவென்று தெரியவில்லை
தேயாமல் இருப்பது அது ஒன்றுதான்
மனிதா, நீ எந்தச் சாவி?

சிரிக்கலாம், நானும் சிரித்தேன். 'வாழ்க்கை ஒரு பூட்டு' என்று எழுதுகிறவனைப் பிடித்து அதே பூட்டால் பூட்ட வேண்டும். 'மனிதா' என்று கூப்பிடுகிறவனையும்தான். ஏழுக்கும் ஏழு கதவு என்று சொல்லிவிட்டு ஒன்றுக்குப் பூட்டே தெரியவில்லை என்கிறேன், கணக்கும் தப்பு. அன்றைக்கு எழுதியாயிற்று என்று மூடி வைத்துவிட்டேன். நாலு மாதம் கழித்துத் திறந்தபோது எட்டு வரியில் இரண்டு வரி மட்டும் கண்ணில் நின்றது. மற்றதைத் தூக்கிப் போட்டதும் இப்படி ஆனது:

எந்தப் பூட்டுக்கு என்று
வீட்டில் யாருக்கும் தெரியாது.
கொத்தில்
தேயாமல் பளபளக்கிறது
ஒரு சாவி.

இது ஓகோ என்று இல்லை, ஆனால் வைத்துக்கொள்ளலாம். 27இல் வைத்துக்கொள்ளும்படி தேறியது மூன்று. இன்னும் நாலைந்தில் ஒவ்வொரு வரி பிழைத்தது. மிச்சமெல்லாம் குப்பை. ஒரு மாதத்துக்கு மூன்று என்றால் உங்கள் நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரிய விளைச்சல்!

வில்லியம் ஸ்டாஃபோர்ட் என்றொரு அமெரிக்கக் கவிஞர், விடிவதற்கு முன் எழுந்து தினமும் எழுதினவர். எழுத வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொன்னதன் சாரம், தரத்தைக் குறைத்துக்கொள்வேன் என்பது. பலரும் இதைச் சோம்பேறிப் பேச்சு என்று நினைக்கிறார்கள். அவர் 1993 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார், அன்று காலையிலும் ஒரு கவிதை எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர் குறைத்துக்கொள்ளலாம் என்றால் நாமும் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு வரியும் அன்றைய கணக்கில் சேரும், முதலிலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

தோழியிடம் ஒன்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள். தினமும் எழுதுவதற்குச் சரி, தினமும் போடுவதற்கு வேண்டாம். 'எழுதிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதாதா? ஏனென்றால் ஐந்தாம் நாளுக்குள் எந்த மாதிரி எழுதினால் இதயக் குறி விழுகிறது என்று கை கற்றுக்கொண்டுவிடும். கடைசி வரியில் ஒரு குத்து, வாசிக்கிறவர் 'ஆஹா' என்று சொல்லும்படி ஒரு திருப்பம். இந்தக் கடைசி வரி வியாதி பிடித்து மேலே உள்ள வரிகளெல்லாம் வெறும் படிக்கட்டாகிப் போன கவிஞர்களை நிறையப் பார்த்தாயிற்று. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: பல இதழ்கள் வேறெங்கும் வெளியாகாத படைப்பைத்தான் கேட்கின்றன, எல்லோரும் பார்க்கும்படி நீங்கள் போட்டதை ஏற்கனவே வெளியானதாகவே எடுத்துக்கொள்கிறவர்கள் அதில் அதிகம். தேறப்போகிற அந்த மூன்றை அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள்.

மாதம் முடிகிற வரை எதையும் திருத்த வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். முக்கியமாக அடிக்க வேண்டாம். முடிந்தால் பேனாவால் எழுதி, அடிப்பதற்கு வழியில்லாமல் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: இப்படி ஒரு சவாலில் சேர்ந்து 9 நாள் ஒழுங்காக எழுதினேன். பத்தாம் நாள் பயணம், எழுதவில்லை. பதினொன்றாம் நாள் இரண்டு எழுதி ஈடுகட்ட நினைத்தேன், ஒன்றுகூட வரவில்லை. இப்போது 13 ஆகிவிட்டது, இன்றையதையும் சேர்த்து நான்கு கவிதை பாக்கி. 21 நாள் விடாமல் செய்தால்தான் பழக்கமாகும் என்கிறார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?
ஒரு வாசகர்

பதில்: பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. தவறிய நாள் கடன் இல்லை, போனது போனதுதான். அதை மறுநாள் தலையில் ஏற்றினால் மறுநாளும் போகும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது. இன்று 13 என்றால் இன்றைக்கு ஒன்று எழுதுங்கள். கடைசியில் 27 இருக்கும். 27 கவிதையோடு நிற்கிற ஆளைப் பார்த்து மூன்று எங்கே என்று கேட்பவர் கவிதை வாசகராக இருக்க மாட்டார், கணக்குப்பிள்ளையாகத்தான் இருப்பார்.

அப்புறம் அந்த 21 நாள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது அது. முகம் மாறினவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தன் நோயாளிகளைப் பார்த்துச் சொன்னார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, மிச்சம் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தபோது ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை. அதே ஆய்வில் உங்களுக்கு வேண்டிய தகவலும் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. அங்கே அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள். கவிதை எழுதுவது பல் துலக்குவது போல் ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை, ஆகவும் வேண்டாம். பழக்கமாக வேண்டியது கவிதை இல்லை, அந்த நேரத்துக்கு அந்த நாற்காலியில் போய் உட்காருவது. அது எத்தனை நாளில் வந்தால் என்ன?

கேள்வி: நான் மரபுக் கவிதை எழுதுகிறவன். நண்பர்கள் புதுக்கவிதை என்று தினமும் தட்டிவிடுகிறார்கள். வெண்பாவில் தினம் ஒன்று சாத்தியமா? தளை தட்டினால் என்ன செய்வது?
ஒரு வாசகர்

பதில்: தாராளமாகச் சாத்தியம். உங்களுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது, நண்பர்களுக்கு அது இல்லை. எதுவும் தோன்றாத ராத்திரியில் அவர்களுக்கு வெற்றுக் காகிதம், உங்களுக்கோ பாதி போட்ட கோலம். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம்மிடம் காலங்காலமாக உள்ள விளையாட்டு. ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என்று புலவர்களை நான்காகப் பிரித்தபோது, கேட்ட மாத்திரத்தில் பாடுகிற ஆசுகவிக்கு முதல் இடத்தில் பெயர் வைத்தவர்கள் நாம். காளமேகம் பெயரைச் சொன்னாலே போதும். இன்றைக்கு நாளுக்கு ஒன்று என்பதைக் கேட்டால் அவர், இவ்வளவு நேரமா என்று கேட்பார்.

நான்கடி வெண்பா கனமாக இருந்தால் குறள் வெண்பா எழுதுங்கள், ஏழே சீர். தளை தட்டுவதை, அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் யாப்பு விதிப்படி பொருந்தாமல் போவதைப் பற்றிச் சொல்ல, இந்தப் பக்கத்துக்காக நேற்று நான் பட்ட பாட்டையே சொல்கிறேன். மேலே 13ஆம் நாள் நண்பருக்கான பதிலாக ஒரு குறள் எழுதலாமே என்று உட்கார்ந்தேன். முதலடி வந்துவிட்டது:

நேற்றை எழுதாமல் விட்டதற்கு வாடாதே

எதுகைக்கு 'நாற்று' கிடைத்தது, சந்தோஷம். 'நாற்றாய் இருவரி நடு' என்று முடித்தேன். அலகிட்டுப் பார்த்தால், அதாவது சீர்களை அசை அசையாகப் பிரித்துப் பார்த்தால், தட்டுகிறது. 'இருவரி' கருவிளம் என்ற வாய்பாடு, விளத்துக்குப் பின் நேரசை வர வேண்டும், 'நடு' நிரை. சரி என்று 'நாற்றாய் இருவரி நாட்டு' ஆக்கினேன். நாட்டு, காசு வாய்பாடு, தளை சரியாகிவிட்டது. ஆனால் நாற்றை யாராவது நாட்டுவார்களா? கொடிக்கம்பத்தை நாட்டுவார்கள். நாற்றை நடத்தான் வேண்டும். இருபது நிமிடம் முட்டிக்கொண்டு, எழுந்து போய், பல் துலக்கும்போது தோன்றியது, குற்றம் 'நடு'வில் இல்லை, 'இருவரி'யில் இருக்கிறது என்று. இரண்டு வரி என்று யார் கணக்குக் கேட்டார்கள்?

நேற்றை எழுதாமல் விட்டதற்கு வாடாதே
நாற்றாய் வரியை நடு.

'வரியை' புளிமா, மாவுக்குப் பின் நிரை, 'நடு' மலர் வாய்பாட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. மோனையும் கூடவே வந்தது. யாப்பு இடறியிருக்காவிட்டால் நான் 'இருவரி'யிலேயே நின்றிருப்பேன். அதனால் தளை தட்டினால் முதலில் வேறு சொல் தேடாதீர்கள், தேவையில்லாத சொல் எது என்று தேடுங்கள். பன்னிரண்டு மணிக்குள் சரியாகவில்லையா, தட்டியது தட்டியபடியே தேதி போட்டு வைத்துவிடுங்கள். நண்பர்களுக்குக் காட்டாமல் இருந்தால் போதும்.

'தட்டிவிடுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தளை இல்லாமல் எழுதுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஈற்றுச்சீர்கூடக் கிடையாது. அவர் பாடு அவருக்கு.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு தினம் ஒரு கவிதை என்று ஆரம்பித்தார். இப்போது தினம் ஐந்து. எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மாப்பிள்ளை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார், மகள் அதுவும் இல்லை. இவர் நாள் முழுக்க யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?
ஒரு வாசகி

பதில்: அம்மா, ஜப்பானில் சைகாகு என்ற கவிஞர் 1684இல் ஒரே பகலும் இரவுமாக 23,500 பாடல் சொன்னார். நான்கு விநாடிக்கு ஒன்றுக்கும் மேல் வருகிறது. எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, பாட்டை விட்டுவிட்டு எண்ணிக்கைக்குக் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டு மாப்பிள்ளையின் கட்டைவிரலும் அந்தக் கோடுதான். சைகாகு அப்புறம் கதை எழுதப் போய், அதில்தான் பெரிய பெயர் வாங்கினார்.

நிறுத்தச் சொல்லாதீர்கள், ஐந்து எழுதட்டும். ஐந்தில் எதைப் போடுவது என்பதை மட்டும் நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஐந்தையும் உங்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லி ஒன்றைப் பொறுக்குங்கள், ஏன் மற்ற நான்கு வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். சண்டை வரும். நான் பார்த்த வரையில், யார் பார்த்தார்கள் என்று நாள் முழுக்கக் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறவருக்கு வேண்டியிருப்பது அந்தச் சண்டைதான். பத்து நாள் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், முடிந்தால் நீங்கள் பொறுக்கின பத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்.